குளிகாரரின் கல்லும் நீந்துவோரின் துடுப்பும்

மும்பையில் கடலுக்குக் குறைவில்லை. ஆயினும் அக்கடலுக்குள் தலையை அமிழ்த்திப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் தெரிவதில்லை. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும் நீர் கரையின் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. மாஹிம் கழிமுகத்தின் அருகே தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பழுப்பு நிறம்தான். ஆகவே மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம் இளைஞர்களுக்கு நீருக்கடியில் உலாவும் ஆசை பிறந்தால், அவர்கள் குளிர்காலத்தில் கொங்கணக் கரை வழியே மால்வணுக்குப் போகிறார்கள். கையில் சற்றுப் பணம் சேர்ந்தால் இலட்சத்தீவுக்கோ அந்தமானுக்கோ போகிறார்கள். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் இறங்கிப் பார்க்கிறார்கள். புறப்படுமுன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்பில் எதை வாங்குவது? நீண்டதா, குட்டையா? இறுக்கமானதா, வளைந்து கொடுப்பதா? பெட்டியில் அடங்குவது எது?

கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை வரலாற்றுப் பேச்சில் ஏன் நுழைக்கிறீர்கள் என்று நேயர்கள் வினவலாம். இது கடைக்காரர் பிறப்பதற்கு முன்பே தமிழ்க் கரையில் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு நம்மவர் கண்ட விடை வேறு. அதைச் சொல்லாமல் இதைச் சொல்வது முறையன்று.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். கடைகளில் ‘ஃபின்’ என்பார்கள். கால், துடுப்பு என்னும் இரு சொற்களையும் இலக்கண விதிப்படி புணர்த்தினால் ‘காற்றுடுப்பு’ என்றாகும். அதை வானொலியில் கேட்பவர், காற்றினால் நெய்த உடுப்பு ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று எண்ணிவிடுவார். புலவர்கள் பொறுத்தருள்க, நாம் ‘கால்துடுப்பு’ என்றே வழங்குவோம்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கையைக் குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்தெடுக்க இறக்கப்பட்டனர் என்று சொல்கிறது. இன்று கொற்கை கடலைப் பார்க்க முடியாத சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்த மண் அதைக் கரையிலிருந்து பிரித்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, குளிப்பவர்களையும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லி வருமானத்தில் 20இல் ஒரு பங்கு பெற்றவர்களையும் குறித்து எழுதியிருக்கிறார். அம்மந்திரக்காரருக்குப் பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ என்று பெயர். கடலில் இறங்குபவனுக்கு என்ன கூலி கிடைத்தாலும், கரையில் நின்று மந்திரம் சொல்பவனுக்குப் பங்கு தவறியதில்லை போலும்!

பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இத்தொழிலில் பேர்பெற்றவர்கள். அவர்கள் இறங்கிய முறையைத் தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். தோணியின் பக்கத்தில் ஒரு கயிற்றில் கல் தொங்கும். ஒருவர் ஒரு கையால் தூக்கத் திணறும் கனமுடைய கல் அது. குளிகாரர் அக்கல்லின் மேல் காலை ஊன்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சை நிறைய வாங்கி, மூக்கை விரல்களால் அழுத்திக்கொண்டு கயிற்றை விடச் சொல்வார். கல் அவரைக் காற்பக்கமாகவே கீழே கொண்டுபோகும். முத்துப் பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாக ஆழத்தில் இருப்பவை. அதாவது 30 முதல் 60 அடி. அடி தொட்டவுடன் அவர் கல்லை விட்டுவிடுவார். தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் சிப்பிகளை வாரிப் பையில் இட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். மேலிருப்பவர் விரைந்து இழுக்க வேண்டும்; தாமதித்தால் ஓர் உயிர் போயிற்று.

கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று தென்கரையில் சொல்வது உண்டு. தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதை அவர் மறக்கமாட்டார் அல்லவா? கேலிபோல் தோன்றினாலும் அச்சொல்லுக்குள் ஒரு தொழிலின் பயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சப்பானிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் காண்கிறோம். அங்கே ‘ஆமா’ எனப்படும் குளிகாரப் பெண்கள் கனமான எடையைப் பிடித்துக்கொண்டு இறங்க, படகிலிருக்கும் கணவர் கயிற்றால் மேலே இழுப்பது ஒரு முறை. கடல் வேறு, நாடு வேறு. நம்பத்தக்க ஒருவர் மேலே வேண்டும் என்னும் தேவை மட்டும் ஒன்றே.

குளிகாரர் காலில் ஏன் ஒன்றையும் கட்டவில்லை? அறியாமையால் அன்று. இறங்குவதற்குக் கல் இருந்தது. ஏறுவதற்குக் கயிறு இருந்தது. கீழே செல்லவேண்டிய தூரமும் சில பாகங்கள்தாம். இருக்கும் ஒரு மூச்சைக் காலை உதைத்துச் செலவிடுவது வீண். தசை உழைத்தால் மூச்சு குறையும் என்பதை அவர் நூலில் படித்தவர் அல்லர், மார்பில் உணர்ந்தவர். அவர் செய்த வேலை மேலும் கீழுமான வேலை. பக்கவாட்டில் பயணம் இல்லை. ஆதலால் அவர் காலுக்கு உகந்த சாதனம் கல்லே. கருவியை நீரும் வேலையுமே தேர்ந்துகொடுக்கின்றன என்பதை இங்கே பார்க்கிறோம்.

இந்த முத்துகள் சென்ற இடம் எது என்பதையும் மும்பை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீக வளைகுடா முத்துக்கும் மன்னார் முத்துக்கும் பெருஞ்சந்தை பம்பாய் நகரமே. இங்கேதான் அவை தரம் பிரிக்கப்பட்டன, துளையிடப்பட்டன, ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலை தேடித் தாராவிக்கு நம்மவர் வந்தபோது, அதே சீமையின் கடற்செல்வம் அவர்களுக்கு முன்பே இந்நகருக்கு வந்து விலைபோயிருந்தது. முத்தின் விலை ஏட்டில் ஏறியது. எடுத்தவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இனி, துடுப்பின் கதைக்கு வருவோம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது, ஓவியர் வண்ணம் குழைக்கும் பலகை போன்ற இரண்டு பலகைகளைச் செய்து கைகளில் பிடித்து நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. உள்ளங்காலிலும் ஒருவகைப் பாதரட்சையைக் கட்டிப் பார்த்தார். அது திருப்தி தரவில்லை. நீந்துபவன் உள்ளங்காலால் மட்டும் நீரைத் தள்ளுவதில்லை, பாதத்தின் உட்புறத்தாலும் கணுக்காலாலும் தள்ளுகிறான் என்பதைக் கண்டுகொண்டதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் தோற்ற இடம் கவனிக்கத்தக்கது. தவளைபோல் காலை விரித்து உதைப்பவருக்குச் செருப்பு உதவாது. விரல்களுக்கு அப்பால் நீண்டு, மீனின் வாலைப்போல் வளைந்து கொடுக்கும் தகடு வேண்டும்.

அதைச் செய்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியு. 1933இல் அவர் காப்புரிமை பெற்றார். அமெரிக்கப் பாய்மரப் படகோட்டியும் 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவருமான ஓவன் சர்ச்சில், டஹீட்டித் தீவில் சிறுவர்கள் ஓலையைக் காலில் கட்டி நீந்தக் கண்டு வியந்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் கொர்லியுவிடம் உரிமை பெற்று 1940இல் ரப்பர்த் துடுப்புகளை விற்கத் தொடங்கினார். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எதிரியின் துறைமுகத்தில் ஓசையின்றி நுழைந்து வெடி வைக்கும் வீரர்களுக்கு இந்த ரப்பர்த் தகடு இன்றியமையாததாயிற்று; அவர்களைத் ‘தவளை மனிதர்’ என்று அழைத்தார்கள். கடற்கரையில் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது போர்க்கருவியாகி, போர் முடிந்ததும் மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பியது.

1943இல் கூஸ்தோவும் கன்யானும் பிரான்சில் தாமே மூச்சளிக்கும் கலனைச் செய்து முடித்தபோதுதான் துடுப்பின் அவசியம் முழுமை பெற்றது. முதுகில் காற்றிருந்தால் கயிறு வேண்டாம். கயிறு இல்லாவிட்டால் இழுப்பவரும் இல்லை. இனித் திரும்பி வருவது அவரவர் காலின் பொறுப்பு. மைத்துனரின் இடத்தில் ஒரு ரப்பர்த் தகடு வந்து நின்றது என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும்; ஆனால் நடந்தது அதுதான்.

நமது கடலுக்கு இப்புதிய முறை விரைவிலேயே வந்தது. ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, திருக்கோணமலையில் கோணேசர் கோயிலின் பழைய தூண்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டனர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளியதைக் கால்துடுப்புக் கட்டியவர் மீண்டும் பார்த்தது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் தாமே நீரில் இறங்கி முத்து, சங்குப் பார்களைக் கண்ணால் பார்த்து 1960களில் ஆய்வுரைகள் எழுதினர். அதுவரை பார்களைப் பற்றிக் கரையிலிருந்தோர் அறிந்தது பெரும்பாலும் குளிகாரர் வந்து சொன்னதுதான்.

ஆனால் காலம் பொருந்தவில்லை. 1955இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. அதன் பிறகு பெரிய அளவில் நடைபெறவில்லை. புதிய கருவி வந்துசேர்ந்த வேளையில் பழைய தொழில் விடைபெற்றது. மிஞ்சியது சங்கு. சங்குக் குளிகாரர்கள் கல்லை விட்டார்கள், முகக்கண்ணாடி அணிந்தார்கள். கடையில் விற்ற ரப்பர்த் துடுப்பு விலைக்கு எட்டாதபோது, அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. சங்கு ஓரிடத்தில் குவிந்திருப்பதன்று. மணலில் தேடித் திரிய வேண்டும். கல் அங்கே உதவாது, தகடு உதவும். பிராங்க்ளின் பலகையிலும் டஹீட்டிச் சிறுவர் ஓலையிலும் செய்ததை நம் குளிகாரர் அலுமினியத்தில் செய்தார். காப்புரிமை மட்டும் பதியவில்லை.

இராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இன்றும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் சாதாரண ரப்பர்ச் செருப்புடன் மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பவளக்கல் கிழிக்காமல் இருக்கத்தான் செருப்பு. உல்லாசப் பயணத்துக்காக நாம் கடையில் நின்று நிறம் பார்க்கும்போது இதையும் அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்தால் வாங்கும் விஷயம் எளிது. எந்த நீர், என்ன வேலை என்று கேட்டால் துடுப்பு தானே தெரிந்துவிடும். மால்வணில் நமக்கே ஏற்பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறோம். வாடகைக்குக் கிடைத்த துடுப்பு காலைவிட ஒரு விரற்கடை பெரிது. தகடோ பலகைபோல் விறைப்பானது. ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்றார் கொடுத்தவர், நாமும் தலையாட்டினோம். கால்மணி நேரத்தில் கெண்டைக்காலில் சதை இழுத்துக்கொண்டது. நீரோட்டம் ஒருபக்கம், வலி ஒருபக்கம். உடன் வந்த பையன் பிடித்துத் தள்ளிக்கொண்டுவந்து படகில் சேர்த்தான். விறைப்பான தகடு வலிய காலுக்கு வேகம் தரும்; பழகாத காலைப் பிடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அதை விலக்குவதே நலம். பெரிதான துடுப்பு ஒவ்வோர் உதைக்கும் வழுக்கும். சிறிதானது விரலை நெரிக்கும். ஆகவே மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் அணிந்து பார்த்து வாங்குவது உத்தமம்.

மால்வண் போன்ற இடங்களில் அடி மணல். பார்வை சில மீட்டருக்கு மேல் போவது அரிது. அங்கே காலை மேலும் கீழும் அடித்தால் மணல் எழும்பிப் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. முழங்காலை மடித்துத் தவளைபோல் பக்கவாட்டில் உதைப்பதே முறை. அதற்குக் குட்டையான, அகன்ற, சற்று விறைத்த தகடு ஏற்றது. 1990களில் பரவிய, நடுவில் பிளந்த துடுப்பு முழங்காலுக்கு இதமானது. ஆனால் இவ்வகை உதைக்கும் பின்னோக்கி நகர்வதற்கும் அது அவ்வளவாகப் பணியாது. இலட்சத்தீவில் காயலுக்குள் நீர் தெளிவு, ஓட்டம் குறைவு. வெறுங்காலில் மாட்டும் மெல்லிய துடுப்பு போதும். பவளத்திட்டுக்கு வெளியே, நீர் பாய்ந்து வெளியேறும் வாய்க்கால்களில் மட்டும் நல்ல உந்துதல் தரும் தகடு வேண்டும். தகடு நீளநீளப் பவளத்தை இடிக்கும் வாய்ப்பும் கூடும். ஓர் உதையில் முறிவது பல ஆண்டுகளில் வளர்ந்தது.

மன்னார்க் கரைக்குப் போவோர் காற்றைப் பார்த்துப் போக வேண்டும். வாடை வீசும் மாதங்களிலும் கச்சான் கடுமையாக வீசும் மாதங்களிலும் நீர் கலங்கிவிடும். இடைப்பட்ட பங்குனி, சித்திரை அமைதியே முத்துக்குளிப்பின் பருவமாக இருந்தது. அங்குள்ள 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்காவாதலால் அனுமதியின்றி அணுகக்கூடாது. கரையிலிருந்து கல்லின் மேல் நடந்து இறங்க நேரிட்டால், தடித்த அடியுள்ள காலணி அணிந்து அதன் மேல் குதிகாலில் வாரிழுத்துக் கட்டும் துடுப்பே தக்கது. முள்ளும் சிப்பியும் வெறுங்காலுக்கு இரக்கம் காட்டா. காற்றுக்கலன் இன்றி, மூச்சடக்கியே மூழ்க விரும்புவோருக்கு ஒரு முழத்துக்கு மேல் தகடு நீண்ட துடுப்பு உண்டு. மெதுவாக அசைத்தாலே ஆழம் போகும், மூச்சு மிஞ்சும். குளிகாரர் கல்லிடம் பெற்றதை இவர்கள் தகட்டிடம் பெறுகிறார்கள். ஆனால் மேலே ஒரு துணை இல்லாமல் இவ்வித்தையில் இறங்கக்கூடாது. மூச்சடக்குபவர் முன்னறிவிப்பின்றி நினைவிழப்பது உண்டு.

பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டு விமானங்கள் பலவற்றில் சாதாரணக் கட்டணத்துக்கு 15 கிலோ பெட்டிதான் அனுமதி. கெட்டி ரப்பரால் செய்த துடுப்பு ஒரு சோடியே 2 கிலோவைத் தாண்டும். ஊருக்குக் கொண்டுபோகும் துணிமணிக்கும் அங்கிருந்து வரும் அரிசிமுறுக்குக்கும் இடமிராது. இலகுவான குட்டைத் துடுப்பு ஏறத்தாழ அதில் பாதி. சாதாரணப் பெட்டியில் குறுக்காக அடங்கும். நீண்ட தகடுள்ளது தனிப் பை கேட்கும். ரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளலாம், விமானத்தில் தொல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போவோர் காலுக்குப் பொருந்தும் காலணியை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு தகட்டை வாடகைக்கு எடுப்பது நம் அபிப்பிராயத்தில் சிக்கனம்.

விமானத்தில் திரும்புவோர் கடைசி முழுக்குக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கரையில் தங்க வேண்டும். ஒரு முழுநாள் தங்கினால் இன்னும் நல்லது. காற்றுக்கலனுடன் ஆழத்தில் இருந்தவரின் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரே காற்றழுத்தம் குறையும்போது குமிழாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். விடுமுறையின் கடைசிக் காலையில் ஒரு முழுக்கு, மாலையில் விமானம் என்று திட்டமிடுவோர் பலர், அது வேண்டாம். நாகர்கோவில் வண்டியில் மும்பை திரும்புவோருக்கு அவ்வளவு நேரம் தானே கழிந்துவிடுகிறது.

வீடு வந்ததும் துடுப்பை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நுனியை ஊன்றி நிறுத்தினால் தகடு கோணிவிடும், படுக்கவைப்பதே சரி. வாங்கும்போது பாதம் நுழையும் இடத்தில் செருகியிருந்த பிளாஸ்டிக் அச்சை எறிந்துவிடாமல் மீண்டும் செருகிவையுங்கள். ஆனி முதல் புரட்டாசி வரை கொங்கணக் கடலில் இறங்க முடியாது. அத்தனை மாதங்களும் மும்பையின் ஈரத்தில் அது அலமாரியில் கிடக்க வேண்டும். ரப்பரானால் வாசனை சேர்க்காத டால்க் தூளைச் சிறிது தூவிவையுங்கள், ஒட்டிக்கொள்ளாது.